சுருள்பாசியின் வழவழப்பை உணவாக்குதல்: காவிரிப் படுகையில் பாசிப் பாலிசாக்கரைடு எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சோறு வடித்த கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால், ஆற ஆற அது கெட்டிப்பட்டு மேலே ஆடை கட்டுவதைக் காவிரிப் படுகையில் பார்க்காத வீடு இருக்காது. வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் நூல் விடும் கொழகொழப்பும், ஊறிய சப்ஜா விதையைச் சுற்றிக் கண்ணாடி போல நிற்கும் உறையும், இரவு முழுவதும் தண்ணீரில் கிடந்து காலையில் பாத்திரம் நிறையப் பொங்கியிருக்கும் பாதாம் பிசினும் ஒரே குடும்பத்துப் பொருளின் வேலைகள்தாம். சிறு சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, தமக்கிடையே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்போது நமக்குக் கிடைப்பதே பாலிசாக்கரைடு.

கடற்கரை மக்கள் இந்தப் பொருளைப் பாசியில் எப்போதோ கண்டுகொண்டார்கள். இராமநாதபுரம் கடலோரத்தில் கிடைக்கும் ஒரு பாசிக்குக் கஞ்சிப்பாசி என்றே பெயர். அதைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்கள்தாம் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். அகர் அகர் என்று மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளைச் சரமும் கடற்பாசியின் பாலிசாக்கரைடுதான். நன்னீரிலும் காரநீரிலும் வளரும் உண்ணத்தக்க பாசிகளிலும் இத்தகைய பொருள் உண்டு. அதை நம் படுகையில், சிறு அளவில், உணவுக்கு ஏற்ற தூய்மையோடு எப்படி எடுப்பது என்பதை முதலிலிருந்து சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். பாபநாசம் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் தொட்டி வைத்துப் பாசி வளர்த்துப் பழகியதில் கற்றவற்றையும், ஆய்வுக்கூடங்களில் நிலைபெற்றுவிட்ட முறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்தப் பாசி?

நன்னீர்ப் பாசியை உண்பது உலகில் புதிதன்று. வடதாய்லாந்தில் ஸ்பைரோகைராவை உணவாகச் சமைக்கிறார்கள். லாவோஸில் மேகோங் ஆற்றுப் பாறைகளில் படரும் பச்சை இழைப்பாசியைத் தாள் போலத் தட்டி, எள் தூவிக் காயவைத்துப் பொரிக்கிறார்கள். சீனாவின் ஹூபே மாநிலத்து மலைச்சரிவு நெல்வயல்களில், முத்துப்போல் உருண்டு கிடக்கும் நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாசி நெடுங்காலமாகச் சமையலுக்குப் போகிறது. ஜப்பானின் கியூஷூ தீவில், தெளிந்த ஊற்றுநீரில் மட்டுமே வளரும் அஃபனோதீசி சாக்ரம் என்ற பாசியை உண்டு வந்தவர்களின் நாட்டிலேயே, அதிலிருந்து சாக்ரான் என்ற பாலிசாக்கரைடைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு கிராம் சாக்ரான் தன் எடையைப்போல் 6,000 மடங்குக்கும் மேலான தூய நீரை உறிஞ்சி நிற்கும். சர்க்கரைச் சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நீரைப் பிடிக்கும் வலிமையும் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இவற்றைப் படித்துவிட்டு நம் வயலிலும் குளத்திலும் கிடப்பதை அள்ளிக்கொண்டு வர ஒருவருக்கும் தோன்றிவிடக் கூடாது. இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். ஐப்பசி மழை ஓய்ந்ததும் வரப்பில் கரும்பச்சைக் கூழ்போல ஒட்டிக்கிடப்பது நாஸ்டாக்காக இருக்கலாம். ஆனால் நாஸ்டாக் இனங்களிலேயே நச்சு உண்டாக்குபவை உண்டு, கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. கோயில் குளங்களில் கோடையில் பச்சைச் சாயம் கரைத்தாற்போல மிதப்பது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் அழியாது. குடிநீரில் அந்த நஞ்சு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருப்பதைக் கொண்டே அதன் கடுமையை அறியலாம். இன்னொரு காரணமும் உண்டு. பாசியின் வழவழப்பில் எதிர்மின் ஏற்றம் பெற்ற சல்பேட், கார்பாக்சில் தொகுதிகள் இருக்கின்றன. நீரைப் பிடித்து வைக்கும் அதே வழவழப்பு ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாய்க்கால் நீரில் என்ன வந்ததோ அது பாசியில் செறிந்து நிற்கும்.

குளோரெல்லாவைப் பலரும் கேட்கிறார்கள். நல்ல பாசிதான், ஆனால் அதன் உயிரணுச் சுவர் கடினமானது, உடைப்பதற்கு உயரழுத்தக் கருவியோ, சிறு மணிகளோடு சேர்த்து அரைக்கும் இயந்திரமோ வேண்டும். வீட்டளவில் தொடங்குபவருக்கு அது ஏற்றதன்று.

எஞ்சி நிற்பது சுருள்பாசி. ஸ்பைருலினா என்று கடைகளில் விற்கும் இதன் அறிவியல் பெயர் ஆர்த்ரோஸ்பைரா. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதிக் கனெம்பு மக்கள் இதை வடித்துக் காயவைத்து அடையாக உண்கிறார்கள். மெக்சிகோவின் பழங்குடியினரும் டெக்ஸ்கோகோ ஏரியிலிருந்து எடுத்து உண்டார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது நன்னீர்ப் பாசியன்று, கார நீர்ப் பாசி. ஆனால் நன்னீரில் ஆப்பசோடாவும் உப்புகளும் கரைத்தால் வளர்ந்துவிடும். அதன் சுவரில் செல்லுலோஸ் இல்லாததால் உறைய வைத்து உருக்கினாலே உடைந்துவிடும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 9.5-க்கு மேல் ஏறிய நீரில் மற்றப் பாசிகளும் பெரும்பாலான நுண்ணுயிர்களும் நிலைக்க மாட்டா என்பது அதன் இன்னொரு நன்மை. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் இதைத் தொழிலளவில் வளர்க்கிறார்கள், ஆரோவில்லிலும் வளர்க்கிறார்கள். எனவே தாய் வளர்ப்பை, அதாவது தொட்டிக்கு விதையாகும் உயிர்ப்பாசி நீரை, நம்பகமான பண்ணையிலிருந்தோ பல்கலைக்கழகச் சேகரிப்பிலிருந்தோ பெறுவது இயலாத காரியமன்று. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. வாங்கும்போது எந்த இனம், எந்த நுண்ணோக்கிச் சோதனை, எப்போது நச்சுச் சோதனை செய்தார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டியும் நீரும்

10 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு தொட்டி கட்டி, 18 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிறுத்தினால் ஏறத்தாழ 1,000 லிட்டர் ஆகும். சிமெண்டுத் தொட்டியானால் உணவுத்தரப் பூச்சு வேண்டும். தார்ப்பாய் விரிப்பதானால் அது புதியதாகவும், வாசனை இல்லாததாகவும் இருக்கட்டும். உர மூட்டையோ பூச்சிமருந்தோ வைத்திருந்த இடத்தருகே தொட்டி வேண்டாம். சம்பா நடவுக்குப் பின் பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் நாள்களில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்துத் தொட்டியை மூடுவதற்கு ஒரு கனத்த விரிப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படுகையின் தலைமடையில் ஆழ்குழாய் நீர் ஓரளவு மென்மையானது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போகப் போக உப்பும் கடினத்தன்மையும் ஏறும். உப்பைச் சுருள்பாசி தாங்கும். கடினத்தன்மையைத்தான் நாம் தாங்க முடியாது: கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த நீரில் ஆப்பசோடாவையும் பாஸ்பேட்டையும் கரைத்தால், காரத்தன்மை ஏறியதும் அவை வெண்மையான மாவுபோலப் படிந்துவிடும். ஊட்டம் வீணாவதோடு, அந்தச் சுண்ணப்படிவு அறுவடையில் பாசியோடு சேர்ந்து, பின்னர் பிரித்தெடுக்கும் கரைசலையும் கலக்கிவிடும். ஒரு வாளி நீரில் நான்கு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள்; காலையில் அடியில் வெள்ளைத் தூள் தெளிவாகப் படிந்திருந்தால், வடிகட்டிச் சேமித்த மழைநீரைப் பாதியளவுக்குக் கலக்க வேண்டியிருக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் வரும் புதுநீர் வண்டலும் வயல் வடிகாலும் கலந்தது; அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

ஊட்டக் கரைசலுக்கு 1966-இல் சாரூக் என்ற ஆய்வாளர் வகுத்த கலவையே இன்றும் அடிப்படை. 1,000 லிட்டருக்கு: ஆப்பசோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட் 16.8 கிலோ, சோடியம் நைட்ரேட் 2.5 கிலோ, டைபொட்டாசியம் பாஸ்பேட் 500 கிராம், பொட்டாசியம் சல்பேட் 1 கிலோ, சமையல் உப்பு 1 கிலோ, மெக்னீசியம் சல்பேட் 200 கிராம், கால்சியம் குளோரைடு 40 கிராம், இரும்பு சல்பேட் 10 கிராம், இரும்பைப் படியாமல் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் ஈடிடிஏ 80 கிராம். இவற்றோடு மிகச் சிறு அளவில் நுண்ணூட்டக் கலவை. உங்கள் நீரிலேயே கால்சியம் இருந்தால் கால்சியம் குளோரைடை விட்டுவிடலாம். வயலுக்கு வாங்கும் உரம் மலிவுதான்; ஆனால் அதில் கன உலோக மாசு இருக்கக்கூடும் என்பதால், உணவுக்கான தொட்டியில் உணவுத்தர உப்புகளையே போட வேண்டும். இந்த ஓரிடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தாய் வளர்ப்பை ஒரே நாளில் முழுத் தொட்டியில் ஊற்றினால் வெயில் அதைச் சுட்டுவிடும். 20 லிட்டரில் தொடங்கி, நீர் அடர்பச்சையாகும்தோறும் இரட்டித்துக்கொண்டே வாருங்கள். 30 முதல் 35 பாகை வெப்பம் இதற்கு உகந்தது. நம் சித்திரை வெயிலுக்கு 50 விழுக்காடு நிழல்வலை கட்டாயம். நாளுக்கு நான்கைந்து முறை கலக்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த தொட்டி நீர்த்துப்போய்க் காரத்தன்மை இறங்கும். கூரை இல்லாதவர்கள் அந்த இரண்டு மாதமும் தாய் வளர்ப்பை மட்டும் வீட்டுக்குள் காத்து, தை பிறந்ததும் தொடங்குவதே நல்லது. ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் உலர்பாசி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்தத் தொட்டி 28 முதல் 55 கிராம் வரை தரும்.

அறுவடை: விடியலில் அன்று, அந்தியில்

சத்துமாவுக்காக வளர்ப்பவர்கள் எல்லோரும் விடியலில் அறுவடை செய்யுங்கள் என்பார்கள். அவர்கள் நோக்கத்துக்கு அது சரி, ஏனெனில் அப்போது புரத விகிதம் உயர்ந்திருக்கும். பாசி பகல் முழுவதும் ஒளியை உண்டு சர்க்கரையைச் சேமிக்கிறது; இரவில் அந்தச் சேமிப்பையே எரித்து உயிர் வாழ்கிறது. ஆகவே பாலிசாக்கரைடு வேண்டுபவர் வெயில் சாயும் வேளையில், மாலை ஐந்து மணிக்குமேல் அறுவடை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் வெயிலில் உலர்த்த முடியாதே என்ற கவலை வேண்டாம். நாம் உலர்த்தப் போவதில்லை, ஈரப்பாசியாகவே உறைய வைக்கவோ காய்ச்சவோ போகிறோம்.

எப்போது அறுவடை என்பதற்கு ஒரு குச்சியின் முனையில் வெள்ளைத் தட்டு பொருத்தி நீருக்குள் இறக்குங்கள். 3 செ.மீ. ஆழத்திலேயே தட்டு மறைந்துவிட்டால் பாசி போதிய அடர்த்தியில் இருக்கிறது. நம் வேலைக்கு அதன்பின் மூன்று நான்கு நாள் பொறுத்திருப்பது பயன் தரும்: வளர்ச்சி தணிந்த வளர்ப்பில் பாசி தன்னைச் சுற்றி வழவழப்பை மிகுதியாகச் சுரக்கும். விரலை நீரில் தோய்த்துக் கட்டைவிரலோடு ஒட்டி எடுத்துப் பாருங்கள். வெறும் நீர்போல விலகாமல் மெல்லிய பிசுபிசுப்போடு விட்டால் நேரம் வந்துவிட்டது. ஓரத்தில் நுரை நின்று கலையாமல் இருப்பதும் ஓர் அடையாளம். அதற்கும் மேல் விட்டால் பாசி வெளிறி அழுகத் தொடங்கும். நெடி மாறினால் அந்தத் தொகுதியை உணவுக்கு எடுக்காதீர்கள்.

நைட்ரேட்டையோ பாஸ்பேட்டையோ குறைத்துப் பட்டினி போட்டால் மாவுச்சத்து பெருகும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், பாஸ்பரஸ் பட்டினியில் உலர் எடையில் பாதிக்கும் மேல் மாவுச்சத்தாக மாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அப்படிப் பெருகுவது பெரும்பாலும் கிளைக்கோஜன். அது பந்துபோலச் சுருண்ட, கிளை மிகுந்த மூலக்கூறு, நீரைக் கெட்டிப்படுத்தாது. நமக்கு வேண்டிய வழவழப்பைத் தருவது உறையிலும் வெளிச்சுரப்பிலும் இருக்கும் நீண்ட சங்கிலிகள். ராம்னோஸ் என்ற சர்க்கரை மிகுந்து, சல்பேட் ஏந்தியவை. எண்ணிக்கையில் விழுக்காடு உயர்ந்தால் போதும் என்பவர் பட்டினி போடட்டும். சர்பத்தில் கெட்டி வேண்டும் என்பவருக்கு அது தவறான வழி என்பதே என் முடிவு.

ஸ்கிரீன் பிரிண்டிங் நைலான் துணி, 30 முதல் 50 மைக்ரான் கண்ணுள்ளது, வடிகட்டுவதற்குச் சிறந்தது. முதிர்ந்த வளர்ப்பில் துணி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அழுத்தித் தேய்க்காமல், துணியின் ஒரு மூலையைத் தூக்கி மறுமூலைக்கு உருட்டிவிடுங்கள். பிறகு சிறிது நல்ல நீரில் இரண்டு முறை விரைவாகக் கழுவி, சுருட்டிப் பிழிய வேண்டும். கழுவாவிட்டால் ஆப்பசோடா உப்பு முழுவதும் பாலிசாக்கரைடு என்ற பெயரில் எடையில் ஏறி ஏமாற்றும். நன்றாகப் பிழிந்த பாசியில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் இருக்கும்.

காய்ச்சிப் பிரித்தல்

பிழிந்த பாசி ஒரு கிலோவை உறைபெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் அறை வெப்பத்தில் உருக விடுங்கள். உருகும்போது கசியும் நீல நீரைப் பார்த்து யாரும் வியக்காமல் இருந்ததில்லை. அது பைக்கோசயனின் என்ற நிறப்புரதம். அமெரிக்காவில் 2013-இல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் இயற்கை நிறமாக அனுமதிக்கப்பட்டது இந்த நீலம்தான். அதைத் தனியே எடுக்க விரும்பினால் குளிர்ந்த நீரில் ஊற வைத்து முதலில் வடித்துக்கொள்ளலாம். நீரில் கரையும் பாலிசாக்கரைடில் ஒரு பங்கும் அதோடு போய்விடும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். இரண்டையும் முழுமையாகப் பெற முடியாது.

அடுத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் பாசியோடு நான்கு லிட்டர் தூய நீர் சேர்த்து, அதைக் கொதிநீர் நிறைந்த பெரிய அண்டாவுக்குள் இறக்கி வைத்துக் காய்ச்ச வேண்டும். நேரடி அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாசனை எந்த வழியிலும் போகாது. உள்ளே 85 முதல் 90 பாகை வெப்பம், இரண்டு முதல் மூன்று மணி நேரம், அவ்வப்போது மரத்துடுப்பால் கிண்டல். முதல் அரை மணியில் பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும். இரண்டு மணிக்குப் பிறகு துடுப்பைத் தூக்கினால், சொட்டுகள் தனித்தனியே விழாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுவதைக் காணலாம். சூடாகவே மல்துணியை நான்காக மடித்து வடித்து, சக்கையை மீண்டும் இரண்டு லிட்டர் நீரில் ஒரு மணி நேரம் காய்ச்சி, இரண்டாம் வடிநீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கையில் புரதம் மிகுந்திருப்பதால், தூய்மை காத்திருந்தால் அதை உலர்த்திக் கோழித் தீவனத்துக்குத் தரலாம்.

இப்போது கையில் இருப்பதில் பாலிசாக்கரைடோடு புரதமும் கலந்திருக்கிறது. பாலைத் திரிப்பதுபோல் அதைத் திரித்துப் பிரிக்கலாம்: எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிஎச் 4 வரை இறக்கினால், புரதம் மெல்லிய திரியாகத் திரண்டு நிற்கும். 3.5-க்குக் கீழே போனால் சல்பேட் ஏந்திய பாலிசாக்கரைடும் புரதத்தோடு பிணைந்து கீழே போய்விடும்.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். முதல் தொகுதியில் வடிநீர் சூடாக இருக்கும்போதே அமிலத்தை விட்டு, நன்றாகத் திரளட்டும் என்று மேலும் ஒரு மணி நேரம் காய்ச்சினேன். ஆறியபின் அது வெறும் தேநீர்போல ஓடியது. வழவழப்பு எங்கே போனதென்று விளங்கவில்லை. கல்யாண வீடுகளில் சமைத்துப் பழகிய பக்கத்து வீட்டுப் பெரியம்மா கரண்டியால் அள்ளி ஊற்றிப் பார்த்துவிட்டு, “மாவுக் கரைசல்ல புளிய ஊத்திக் கொதிக்க விட்டா இளகித்தானே போவும், தம்பி? புளிப்பக் கடைசியிலதான சேக்கணும்?” என்றார். நூல்களில் அமில நீராற்பகுப்பு என்று படித்திருந்த அதே உண்மை அது: சூட்டில் அமிலம் பட்டால் சர்க்கரைச் சங்கிலி துண்டு துண்டாக அறுந்துவிடும், அறுந்த துண்டுகள் நீரைப் பிடிக்காது. அதிலிருந்து, வடிநீரை முழுவதும் ஆறவிட்ட பிறகே அமிலம் விடுகிறேன். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்து, காலையில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் சாய்த்து எடுத்து, உடனே ஆப்பசோடா இட்டுப் பிஎச் 6.5 முதல் 7 வரை கொண்டு வந்துவிடுகிறேன். ஆப்பசோடா இடும்போது பொங்கும், பெரிய பாத்திரமாக இருக்கட்டும்.

தெளிவை மறுபடியும் கொதிநீர் அண்டாவுக்குள் வைத்து, நான்கில் ஒரு பங்காக வற்ற வைக்க வேண்டும். இதற்கு மேல் வழி இரண்டாகப் பிரிகிறது.

ஆய்வுக்கூட வழி: ஆறிய கரைசலுக்கு மூன்று அல்லது நான்கு மடங்கு 95 விழுக்காடு எத்தனாலை மெல்லக் கலக்கிக்கொண்டே ஊற்றி, 4 பாகைக் குளிரில் ஓர் இரவு வைத்தால், பாலிசாக்கரைடு பஞ்சு இழைபோலப் பிரிந்து திரளும். மையவிலக்கியில் சுற்றி எடுத்து, மீண்டும் எத்தனாலில் கழுவினால் எஞ்சிய பச்சையும் நெடியும் பெருமளவு போய்விடும். ஆனால் எத்தனாலைத் தமிழ்நாட்டில் உரிமமின்றி வாங்கவோ வைத்திருக்கவோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இடம் தருவதில்லை. தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பறையில் அதைக் கையாளுவது உயிருக்கே ஆபத்து. புரதம் நீக்கக் குளோரோஃபார்ம் கலவையைப் பரிந்துரைக்கும் முறை உணவுக்கு அறவே ஆகாது. எத்தனால் வழியை விரும்புபவர் உரிமம் உள்ள ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்தே செய்ய வேண்டும். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் சிறு தொழில்முனைவோருக்குப் பயிற்சியும் தொழில் வளர்ப்பு வசதியும் தருகிறது. 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தல் ஆய்வு மையமாகத் தொடங்கி, பின்னர் தஞ்சைக்கு வந்து வளர்ந்த நிறுவனம் அது. நெல்லின் கஞ்சியையும் தவிட்டையும் ஆராய்ந்த இடத்தில் பாசியின் கஞ்சியைப் பற்றிப் பேசுவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

வீட்டளவு வழி: வற்றிய கரைசலை எவர்சில்வர் தட்டுகளில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, தட்டு உலர்த்தியில் 55 பாகையில் உலர்த்துவது. மறுநாள் அது அப்பளம்போல உரிந்து வரும். மிக்ஸியில் பொடித்து உடனே காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் அடைக்க வேண்டும். கார்த்திகை மாத ஈரக்காற்றில் பத்து நிமிடம் திறந்திருந்தாலே கட்டிபிடித்துவிடும். இப்படிக் கிடைப்பது தூய பாலிசாக்கரைடு அன்று. உப்பும் சிறு புரதங்களும் கலந்த பாசிச் சாற்றுத்தூள். அதை அந்தப் பெயரிலேயே அழைப்பதுதான் நேர்மை.

விளைச்சலில் மயக்கம் வேண்டாம். ஒரு கிலோ பிழிந்த பாசியில் 200 கிராம் உலர்பொருள். சுருள்பாசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு. ஆக, கோட்பாட்டளவிலேயே 30 முதல் 50 கிராம்தான் இருக்கிறது. காய்ச்சி, வடித்து, திரித்து, கழுவி முடிப்பதற்குள் அதில் பாதிக்கும் குறைவாகக் கைக்கு வந்தால் மனம் தளர வேண்டியதில்லை.

சோதனைகள்

அயோடின் சோதனையை ஒவ்வொரு தொகுதிக்கும் செய்யுங்கள். மருந்துக்கடை அயோடின் கரைசலை நீர்க்க வைத்து, தூள் கரைசலில் ஒரு சொட்டு விட்டால், கிளைக்கோஜன் இருப்பின் செம்பழுப்பு தோன்றும். நீலக்கறுப்பு தோன்றினால் அது அரிசி மாவோ கிழங்கு மாவோ கலந்ததன் அடையாளம். வெளியில் வாங்கும் தூளுக்கும் இதே சோதனை பொருந்தும். மொத்தச் சர்க்கரையை அளக்க ஆய்வுக்கூடங்களில் ஃபீனால் கந்தக அமில முறையில் 490 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள்; அம்முறை எல்லாச் சர்க்கரையையும் சேர்த்தே காட்டும், பாசியினுடையதா அரிசியினுடையதா என்று பிரித்துச் சொல்லாது. எனவே “பாலிசாக்கரைடு 60 விழுக்காடு” என்று ஒருவர் சீட்டு நீட்டினால், அயோடின் முடிவையும் பாகுத்தன்மை அளவையும் கேளுங்கள்.

மைக்ரோசிஸ்டின், ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகியவற்றை ஆய்வகங்களுக்கான தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பார்க்காமல் எந்தத் தொகுதியையும் வீட்டுக்கு வெளியே கொடுக்காதீர்கள். பணம் செலவாகும், தவிர்க்க வழியில்லை.

சமையலில்

அகர்போல இது உறைந்து துண்டு போட வராது. கெட்டிப்படுத்துவதும், மிதப்பவற்றை அடியில் படியாமல் தாங்குவதும், எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடிப்பதும்தான் இதன் வேலை. அந்த எதிர்பார்ப்போடு தொடங்கினால் ஏமாற்றம் இல்லை.

லிட்டருக்கு 2 கிராம் என்று தொடங்கி, ஒவ்வொரு கிராமாக ஏற்றி, அதிகபட்சம் 8, 10 கிராமில் நிறுத்துங்கள். தூளை நேரடியாக நீரில் கொட்டினால் வெளியே நனைந்து உள்ளே உலர்ந்த உருண்டைகளாகிவிடும். பத்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகவே கலந்து, வெதுவெதுப்பான நீரில் தூவிக்கொண்டே கலக்க வேண்டும். நன்னாரி சர்பத்தில் இது நன்றாக இசைகிறது: நன்னாரி மணம் பாசி நெடியை மூடிவிடும், சப்ஜா விதைகள் அடியில் தங்காமல் குவளை முழுவதும் மிதந்து நிற்கும். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த பானகத்திலும் அப்படியே. இளநீரிலும் வெறும் மோரிலும் நெடி தெரியும். எத்தனாலில் கழுவிய தூள் இருந்தால் மட்டும் முயலுங்கள். புளிப்புள்ள பானத்தில் சூட்டை முடித்து, இறக்கி ஆற்றியபின் எலுமிச்சை பிழிய வேண்டும். காரணத்தைப் பெரியம்மா சொல்லிவிட்டார். கும்பகோணத்துக் கடப்பாவில் பாசிப்பருப்பைக் குறைத்து இதைச் சேர்த்துப் பார்த்தேன். பதம் வந்தது, சுவை வரவில்லை. அங்கே பருப்பின் வேலை கெட்டி மட்டும் அன்று.

விற்பனைக்கு முன்

முழுச் சுருள்பாசித் தூள் இந்தியாவில் அறியப்பட்ட உணவுப்பொருள். அதிலிருந்து பிரித்தெடுத்த பாலிசாக்கரைடைத் தனி உட்பொருளாக விற்பது வேறு செய்தி. அகருக்கு 406, காரஜீனனுக்கு 407 என்று உணவுச் சேர்க்கைப் பட்டியலில் எண் இருப்பதுபோல இதற்கு இல்லை. வகைப்படுத்தப்படாத உணவுகளுக்கும் உட்பொருள்களுக்கும் முன் அனுமதி கேட்கும் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிறது; உங்கள் பொருள் அதன்கீழ் வருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பதில் பெற்ற பிறகே சீட்டு அச்சிடுங்கள்.

நோய் தீர்க்கும் என்று சீட்டில் எழுதாதீர்கள். கால்சியம் ஸ்பைருலான் என்ற சல்பேட் பாலிசாக்கரைடைச் சுருள்பாசியிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996-இல் பிரித்து, சில வைரஸ்கள் பெருகுவதை அது தடுப்பதைச் சோதனைக் குழாயில் கண்டார்கள். அது சர்பத் குடிப்பவருக்குக் கொடுக்கும் வாக்குறுதியாகாது. வீட்டளவுத் தூளில் புரதம் எஞ்சியிருப்பதால், புரதத்தின் ஒரு கூறை உடல் கையாள முடியாத பிறவிக் கோளாறான ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களும், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது என்ற வரியைச் சீட்டில் தெளிவாக அச்சிடுங்கள். தொட்டியில் நீர் விட்ட நாள், அறுவடை செய்த நேரம், காய்ச்சிய வெப்பம், திரித்த பிஎச், அயோடின் நிறம் ஆகிய ஐந்தையும் தொகுதி எண்ணோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஒரு தொகுதி இளகிப்போனால் எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.